முன் சொக்கில் ஒயிலும் போகிறது, காற்றும் போகிறது: சீல் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1981 ஹொண்டா கோல்ட் விங் ஜிஎல்1100. சித்தப்பா கொழும்பில் ஓடித் திரிந்த பைக், பிறகு பல வருடம் கொட்டிலுக்குள் நின்று இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. இடது பக்க முன் சொக்கில் ஒயில் வழிகிறது. பின்னேரம் காற்று அடித்தால் விடியும்போது இல்லை. ஒரு கராச்சில் இரண்டு குரோம் குழாயையும் மாற்ற வேண்டும் என்றார்களாம். இன்னொருவர், "உந்தக் காற்று விளையாட்டெல்லாம் வேண்டாம், தடிச்ச ஒயிலை ஊத்திப்போட்டு ஓடு" என்றாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலாமவர் பார்க்காமலே பெரிய செலவைச் சொல்லியிருக்கிறார். மற்றவர் சொன்ன வைத்தியம் ஒழுக்கை நிற்பாட்டாது. காற்று போவதும் ஒயில் போவதும் ஒரே நோய் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பெரும்பாலும் அவை இரண்டு வேறு ஒழுக்குகள், இரண்டு வேறு இடங்களில். எது எங்கே போகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் சாமான் வாங்க வேண்டும்.

அதற்கும் முதல் ஒரு விசயம். ஒயில் வழியும் சொக் காலின் (முன்சில்லைப் பிடிக்கும் கீழ்ப் பாகம்) கீழேதான் பிறேக் கலிப்பர் இருக்கிறது. சீல், அதாவது சொக்கின் வாயை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் வளையம், அதனால் வரும் ஒயில் அலுமினியக் கால் வழியே இறங்கி பிறேக் பாட் மீதும் டிஸ்க் மீதும் படும். முன்னூறு கிலோவுக்குக் கிட்ட வரும் பைக், ஏ9 மாதிரி நேர் றோட்டு, குறுக்கே மாடு. இடது பக்கப் பாட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒயில் ஊறியிருந்தால் அதைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் காட்டித் திரும்பப் போடும் வேலை வேண்டாம், எறிந்துவிடுங்கள். ஒழுக்கை நிற்பாட்டும்வரை புதுப் பாட் போடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம்.

சரி, இந்தச் சொக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் சுலபம். மேலே பளபளப்பான குரோம் குழாய், கீழே அலுமினியக் கால். குழாய் காலுக்குள் ஏறி இறங்கும். உள்ளே ஒரு நீளமான ஸ்பிரிங், அடியில் ஓட்டை போட்ட ஒரு டாம்பர் ரொட் (சொக்கின் துள்ளலை அடக்கும் தண்டு), பாதிக்கு மேல் ஒயில். ஒயிலுக்கு மேலே மூடிவரை வெறும் காற்று. சாதாரண சொக்கிலும் இந்தக் காற்று இருக்கத்தான் செய்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஜப்பான் கொம்பனிகள் செய்தது என்னவென்றால், அந்த இடத்துக்கு ஒரு வால்வைப் பூட்டி, ஆள், பாரம், பெட்டி என்று ஏறும்போது காற்றைக் கூட்டிக்கொள்ள வழி செய்ததுதான். 1980இல் வந்த ஜிஎல்1100இல் முன்னும் பின்னும் அப்படித்தான். காற்றும் பாரம் தாங்கும் என்ற கணக்கில் ஸ்பிரிங்கை மெல்லியதாகவே வைத்தார்கள். ஆகவே இந்தக் காற்று சும்மா சொகுசுக்கு வைத்ததல்ல. அது ஸ்பிரிங்கின் ஒரு பங்கு.

கணக்கைப் பாருங்கள். சொக்கில் 15 பிஎஸ்ஐ அடித்திருக்கிறீர்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம். வெளிக்காற்றின் 15ஐயும் சேர்த்தால் உள்ளே உண்மையில் 30. முன்சில்லு ஒரு கிடங்கில் விழுந்து சொக் அமுங்க, ஒயிலுக்கு மேலே உள்ள இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 என்பது 90 ஆகும். கேஜ் கணக்கில் 75. அந்த 75ஐயும் தாங்கி நிற்பது இரண்டு அங்குல அளவேயான ஒரு ரப்பர் சீல். இனி யாரோ ஒருவர் ரயருக்கு அடிப்பது மாதிரி 35 அடித்துவிட்டால்? 50 மூன்று மடங்காகி 150, கேஜில் 135. ஒயிலையும் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் காற்றுக்கு இடம் இன்னும் குறைவு, அழுத்தம் இன்னும் கூட. "புதுச் சீல் போட்டு ஒரு மாதத்தில் திரும்ப ஒழுகுது" என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் அனேகமாக இந்த இரண்டில் ஒன்று இருக்கும்.

அதனால் பெற்றோல் செட்டில் உள்ள கொம்பிரசர் குழாயை இந்த வால்வில் வைக்கவே விடாதீர்கள். உள்ளே இருக்கும் இடம் சின்னது, ஒரு நொடி அமத்தினாலே சீல் வெளியே தள்ளிவிடும். வீட்டில் இருக்கும் சைக்கிள் பம் போதும், நாலைந்து இழுவையிலேயே அளவுக்கு வந்துவிடும். ரயர் கேஜும் சரிவராது. 100வரை காட்டும் கேஜில் 15ஐயும் 20ஐயும் பிரித்துப் பார்க்க முடியாது. 30 அல்லது 40 பிஎஸ்ஐ வரைக்குமான சின்னக் கேஜ் ஒன்று வாங்குங்கள். அந்தக் கேஜை வைத்து எடுக்கும்போதே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ரர் ஸ்ராண்டில் நிறுத்தி, முன்சில்லு நிலத்தில் பாரம் கொடுக்காதபடி, வெயில் ஏற முதல் அளக்க வேண்டும். உங்கள் மொடலுக்கு ஏறக்குறைய பதினைந்து இருபது பிஎஸ்ஐ என்ற அளவுதான் வரும். சரியான எண் கைநூலில் இருக்கும், பைக்கில் ஒட்டிய ஸ்ரிக்கர் மிஞ்சியிருந்தால் அதிலும் இருக்கும்.

இனி காற்று எங்கால் போகிறது என்று பார்ப்போம். ஜிஎல்1100இல் இரண்டு கால்களையும் மேலே ஒரு சின்ன இணைப்புக் குழாய் சேர்க்கிறது, வால்வு ஒன்றுதான். ஒரு பக்கம் ஒழுகினாலும் இரண்டு பக்கமும் இறங்கும். இடது காலில் ஒயில் தெரிகிறது என்பதற்காகக் காற்றும் அங்கால்தான் போகிறது என்று முடிவெடுக்க முடியாது. சவர்க்காரத் தண்ணீரைக் கரைத்து ஒரு தூரிகையால் ஒவ்வொரு இடமாகத் தடவுங்கள். முதலில் வால்வின் வாய். உள்ளே இருக்கும் ஊசி, கார் ரியூப்பில் இருக்கும் அதே ஊசிதான், ரயர்க் கடையில் கிடைக்கும். நாற்பது வருட ஊசியைப் பார்க்காமலே மாற்றிவிடலாம். பிறகு வால்வு மூடியோடு சேரும் இடம், மூடி குழாயோடு சேரும் இடம், இணைப்புக் குழாயின் இரண்டு முனை. இந்த ஒவ்வொரு இடத்திலும் ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அவை காலப்போக்கில் இறுகித் தட்டையாகிவிடும். சின்னக் குமிழி விட்டு விட்டு வருவதைக் காண ஒரு இடத்தை நிதானமாக ஒரு நிமிடமாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு இரவில் 15 பிஎஸ்ஐ இறங்குவதற்குப் பெரிய ஓட்டை தேவையில்லை.

ஓ-ரிங் விசயத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடியதே ஒரு கைவித்தை. கார்பரேற்றருக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வொஷர் இல்லையென்றால் ரியூப்பை வெட்டினார்கள், செருப்பை வெட்டினார்கள். அந்தக் கை இன்னும் பலருக்குப் போகவில்லை, அதில் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் ரியூப் ரப்பர் ஒயிலோடு சேர்ந்தால் ஊதிப் பஞ்சாகிவிடும். இந்த இடங்களுக்கு நைற்றைல் ரப்பர் ஓ-ரிங்தான் வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெயாரிங், ஒயில் சீல் விற்கும் கடைகளில் பெட்டியாகவே வைத்திருப்பார்கள். பழையதைக் கையில் கொண்டுபோய், உள் விட்டத்தையும் தடிப்பையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். தட்டையாகிப்போனதன் தடிப்பை அளந்து அதே தடிப்பில் வாங்கக்கூடாது, அது இருக்கும் பள்ளத்தின் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடியதாக இருக்க வேண்டும்.

ஒயில் ஒழுக்குக்கு வருவோம். சீல் கெட்டதால் ஒழுகுகிறதா, சீலுக்குள் ஊத்தை அகப்பட்டதால் ஒழுகுகிறதா? இரண்டாவது காரணம் இந்தப் பக்கத்தில் மிக அதிகம். மாங்குளம் முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரவல். அந்தச் சிவப்புத் தூசி மா மாதிரி நுண்ணியது. ஒயில் ஈரமுள்ள குழாயில் ஒட்டி, சொக் ஏறி இறங்கும்போது சீலின் உதட்டுக்கு, அதாவது குழாயைத் தொடும் உள் விளிம்புக்குக் கீழே போய்ச் சேரும். ஒரு துணிக்கை போதும், உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒயிலை வெளியே விடும்.

காற்றை முழுதாக இறக்குங்கள். தூசி மூடியை மேலே தள்ளுங்கள். அதற்குள் இருக்கும் சிவப்புக் களியை நன்றாகத் துடையுங்கள். பழைய எக்ஸ்றே படம் ஒன்றிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு கீலம் வெட்டி, நுனியில் கொக்கி மாதிரி ஒரு சின்ன வெட்டு வையுங்கள். வெட்டிய ஓரத்தை மெல்லிய மண்கடதாசியால் மழுக்க வேண்டும். அதை ஒயிலில் தோய்த்து, குழாயை ஒட்டியபடி சீலின் உதட்டுக்குள் மெல்ல நுழைத்து, குழாயைச் சுற்றி ஒரு முழு வட்டம் கொண்டுவந்து, கொக்கி ஊத்தையை இழுக்கும்படி வெளியே எடுங்கள். கீலத்தில் ஒட்டி வருவதைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். துடைத்துவிட்டு இன்னொரு வட்டம். சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். பிறகு முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு பத்து இருபது தரம் அமத்தி எழும்ப விடுங்கள், குழாயைத் துடையுங்கள், காற்றை அளவாக அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இது காசில்லாத வேலை. நிற்காவிட்டாலும் நட்டமில்லை. பல வருடம் கொட்டிலில் நின்ற பைக் என்பதால் உங்கள் சீல் இறுகியிருக்க வாய்ப்புக் கூட, அதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது குரோம் குழாய். கராச்சில் மாற்றச் சொன்னது இதைத்தான். குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் புதுச் சீலையும் அது அரம் மாதிரி அராவும் என்பது உண்மை. ஆனால் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சீல் போய் வரும் பகுதிக்கு மேலே, சொக்கை மேலே பிடித்திருக்கும் கிளாம்புக்குக் கிட்ட இருக்கும் துருவால் ஒரு தீங்கும் இல்லை. ஒரு கேபிள் ரையைக் குழாயைச் சுற்றித் தூசி மூடிக்கு மேல் இறுக்கிவிட்டு, பாரத்தோடு அமத்திப் பாருங்கள். ரை எதுவரை தள்ளப்படுகிறதோ அதுவரைதான் பார்க்க வேண்டிய இடம். அந்தப் பகுதியை ஒரு துண்டுப் பஞ்சால் மேலும் கீழும், சுற்றியும் துடையுங்கள். பஞ்சு நூல் எங்கே பிடிக்கிறதோ அங்கே கண்ணுக்குத் தெரியாத கூர் இருக்கிறது. பிறகு நகத்தால் வருடுங்கள். நகம் தடக்கினால் பள்ளம்.

நாலைந்து சின்னப் பள்ளம் என்றால் குழாயை எறிய வேண்டியதில்லை. துருவை ஊசிமுனையால் கிளறி எடுத்து, பெற்றோலால் துடைத்துக் காயவிட்டு, இரண்டு ரியூப்பாக வரும் எபொக்சிப் பசையைப் பள்ளத்தில் கொஞ்சம் மேடாக வையுங்கள். மறுநாள் 1000ஆம் நம்பர், பிறகு 2000ஆம் நம்பர் தண்ணீர்க் கடதாசியைச் சின்ன மரக்கட்டையில் சுற்றி, பசை மட்டும் தேயும்படி சமப்படுத்துங்கள். குரோமைத் தேய்க்கக்கூடாது. நன்றாகச் செய்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். குரோம் செதிலாக உரிகிறது, அல்லது சுற்றிவரப் பொருபொருவென்று துருப்பிடித்திருக்கிறது என்றால் இந்த வேலை நிற்காது. முல்லைத்தீவுக் கரையிலோ ஆனையிறவுப் பக்கமோ உப்புக் காற்றில் நின்ற வண்டிகளில் இதைத்தான் காண்கிறோம். அப்போது புதுக் குழாய், அல்லது பழைய குரோமை எடுத்துவிட்டுத் தடித்த கடின குரோம் பூசி அளவுக்கு அராவி எடுக்க வேண்டும். பம்பருக்கும் கைபிடிக்கும் பூசும் அலங்காரக் குரோம் இதற்கு உதவாது, அளவும் வராது, நிற்கவும் மாட்டாது.

சரி, சீலை மாற்றத்தான் வேண்டும் என்று வந்துவிட்டது என்று வைப்போம். இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள். ஒரே வயதுச் சீல், ஒரே காற்று.

சில்லு, கலிப்பர், மட்காட் கழற்றுவது உங்களுக்குத் தெரிந்ததே. கலிப்பரைப் பிறேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். சொக்கைக் கிளாம்பிலிருந்து கழற்றும் முன் மூன்று வேலை, இந்த வரிசையில். முதலாவது, காற்றை முழுதாக இறக்குவது. வால்வு ஊசியையே கழற்றிவிடுங்கள். காற்றோடு மூடியைக் கழற்றினால் அது முகத்துக்கு வரும். இரண்டாவது, மேல் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு மூடியை அரைச் சுற்று இளக்குவது. பிறகு கையில் எடுத்துக்கொண்டு இளக்கப் போனால் குழாயைப் பிடிக்க ஆள் வேண்டும். மூன்றாவது, காலின் அடியில் இருக்கும் அலன் போல்ட். அது உள்ளே இருக்கும் டாம்பர் ரொட்டில் பூட்டியிருக்கிறது. மேலே ஸ்பிரிங் ரொட்டை அமத்திப் பிடித்திருக்கும்போதே இளக்காவிட்டால் போல்ட்டும் ரொட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி நடந்துவிட்டால் பதற வேண்டாம். தும்புத்தடிப் பிடியின் நுனியைக் கூம்பாகச் சீவி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மேலிருந்து ரொட்டின் வாய்க்குள் இறுக்கி அமத்திக்கொண்டு ஒருவர் பிடிக்க, மற்றவர் கீழே இளக்கலாம். இம்பக்ட் கன் (நட்டை அடித்துச் சுற்றும் கருவி) உள்ள கராச் கிட்ட இருந்தால் ஒரு நொடி வேலை.

மூடியை முழுதாகக் கழற்றும்போது ஸ்பிரிங் கீழிருந்து தள்ளும். ஒரு துணியை வைத்து உடல் பாரத்தால் அமத்தியபடி கடைசிப் புரியைக் கழற்றுங்கள். முகத்தை விலக்கி வையுங்கள். ஒயிலைக் கவிழ்க்கும்போது ஒரு வெள்ளை வாளிக்குள் கவிழ்த்து நிறத்தைப் பாருங்கள். கருஞ்சாம்பல் களியாக வந்தால் உள்ளே புஷ் (குழாய் ஆடாமல் வழுக்கிப் போகப் போட்ட வளையம்) தேய்ந்திருக்கிறது. பால் நிறமாக வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

தூசி மூடியை எடுத்து, அதற்குக் கீழே சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சேர்க்கிளிப்பைக் கழற்றிய பிறகு சீலைத் திருகாணியால் கிண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். உங்கள் சொக்கில் புஷ் இருப்பதால், குழாயைப் பிடித்துக் காலிலிருந்து வெளியே பலமாக வெட்டி வெட்டி இழுத்தால், உள்ளே உள்ள புஷ்ஷே சீலைத் தட்டி வெளியே கொண்டுவரும். அலுமினிய வாயில் ஒரு கீறல் விழுந்தாலே புதுச் சீலுக்கு வெளிப்பக்கத்தால் ஒயில் வரத் தொடங்கிவிடும். அந்த ஒழுக்கைக் கண்டுபிடிப்பதற்குள் ஆளுக்குத் தலை வெடித்துவிடும்.

வெளியே வந்த புஷ்ஷைக் கவனமாகப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிற ரெஃப்லோன் பூச்சு இருக்கும். அது தேயத் தேயக் கீழே செம்பு நிறம் தெரியும். முக்கால்வாசிக்கு மேல் செம்பு தெரிந்தால் மாற்றச் சொல்கிறது ஹொண்டா. புஷ் தேய்ந்தால் குழாய் காலுக்குள் ஆடும். ஆடும் குழாயை எந்தச் சீலாலும் அடைத்துப் பிடிக்க முடியாது. குழாயைத் தடித்த கண்ணாடியில் உருட்டி வளைவையும் பாருங்கள். லேத் கடையில் டயல் கேஜ் இருந்தால் 0.2 மில்லிமீற்றர் என்பதுதான் எல்லை.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, காயவிடுங்கள். புதுச் சீலை மட்டும் மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ காட்டாதீர்கள். சீல் வாங்கும்போது உள் விட்டம், வெளி விட்டம், உயரம் என்று மூன்று எண் பார்க்க வேண்டும். உங்கள் குழாய் 39 மில்லிமீற்றர். மற்ற இரண்டையும் பழைய சீலின் முகத்தில் வாசியுங்கள், அல்லது வேர்ணியரால் அளங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் தேடிப்பார்க்கலாம், வெளிநாட்டில் இருந்து யாராவது வந்தால் சூட்கேசில் இரண்டு சீலுக்கு இடம் எப்போதும் இருக்கும். அளவு ஒத்தால் போதும் என்று இஞ்சினுக்கோ கியர்ப் பெட்டிக்கோ செய்த சீலை வாங்க வேண்டாம். அது சுற்றும் தண்டுக்குச் செய்தது. ஏறி இறங்கும் குழாய்க்கும் காற்று அழுத்தத்துக்கும் செய்த சீலின் உதடு வேறு.

பூட்டும்போது குழாயின் நுனியில் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி ஒயில் தடவிச் சீலை இறக்குங்கள், நுனியின் கூர் உதட்டை வெட்டாது. எழுத்துள்ள பக்கம் மேலே, உள்ளே சின்ன ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஒயிலைப் பார்த்தபடி கீழே. அடித்து இறக்க விலைகூடிய கருவி தேவையில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் ஒரு முழம் வெட்டுங்கள். 39 மில்லிமீற்றர்க் குழாய்க்கு மேலால் அது போகும், சீலின் வெளி விளிம்பில் போய் இருக்கும். வெட்டிய முகம் நேராக இருக்க வேண்டும். புதுச் சீலுக்கு மேல் பழைய சீலைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பைப்பைத் தட்டினால் புதியது காயப்படாது. தட்டும் சத்தம் மந்தமாக இருந்தது திடீரென்று கணீரென்று மாறும், சீல் அடியில் போய் அமர்ந்துவிட்டது. சேர்க்கிளிப் தன் பள்ளத்தில் சுற்றிவர விழுந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். காற்றுச் சொக்கில் சீலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அடிப் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வொஷர், புரிக்குக் கொஞ்சம் லொக்ரைட் (புரி இளகாமல் பிடிக்கும் பசை).

இனி ஒயில். தடித்த ஒயில் சொன்னவருக்குப் பதில் இங்கேதான். அந்தக் கால ஹொண்டாக்களில் பலவற்றுக்குக் கைநூல் சொல்வதே ஓட்டோ கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் ஏரிஎஃப். ஜிஎல்1100க்கும் அதுதான். மெல்லிய ஒயில். டாம்பர் ரொட்டின் ஓட்டைகளை அந்த மெல்லிய ஒயிலுக்குத்தான் அளந்து போட்டிருக்கிறார்கள். அங்கே 20டபிள்யூ50 இஞ்சின் ஒயிலையோ கியர் ஒயிலையோ ஊற்றினால், கிரவல் றோட்டில் வரிவரியாக விழுந்திருக்கும் மேடு பள்ளத்தில் சொக் அமுங்கவும் நேரமில்லை, எழும்பவும் நேரமில்லை. கைபிடி கையை உதறும், சில்லு துள்ளும். ஒழுக்கு? உதட்டுக்கும் குழாய்க்கும் இடையில் கிரவல் துணிக்கை இருக்கும்வரை எந்தத் தடிப்பும் வரத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக வரும்.

அளவைக் கைநூலில் பார்த்து ஊற்றுங்கள். முழுதாகக் கழற்றிக் காயவிட்ட சொக்குக்கும், அடி நட்டைத் திறந்து வடித்த சொக்குக்கும் அளவு வித்தியாசம், பின்னதில் பழைய ஒயில் கொஞ்சம் உள்ளே நிற்கும். ஊற்றியபின் குழாயை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கிக் குமிழியை வெளியேற்றி, நேராக நிறுத்திக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல், குழாயை அடிவரை இறக்கி, வாயிலிருந்து ஒயில் மட்டம்வரை இரண்டு காலிலும் அளந்து சமப்படுத்துங்கள். மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் ஒரு துண்டுப் பிளாஸ்ரிக் குழாயைப் பூட்டினால், கூடினதை உறிஞ்சி எடுக்கலாம். நான் மில்லிலீற்றரைவிட இந்த மட்டத்தைத்தான் நம்புவேன். மேலே காற்றுக்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிப்பது மட்டம்தானே.

காற்றே இல்லாமல் ஓடலாமா? மற்றவர் சொன்னதில் பாதி சரி இங்கே இருக்கிறது. இருக்கும் ஸ்பிரிங்கோடு காற்றை மட்டும் விட்டுவிட்டால் முன்பக்கம் தாழ்ந்து இருந்துவிடும், பிறேக் பிடிக்க அடிவரை போய் இடிக்கும். ஆனால் இந்த மொடலுக்கென்று கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் செய்து விற்கிறார்கள். வெளிநாடுகளில் பழைய கோல்ட் விங் வைத்திருப்பவர்கள் பலர் அதைப் போட்டுவிட்டுக் காற்றைச் சுழியத்திலோ ஐந்தாறு பிஎஸ்ஐயிலோ வைத்து ஓடுகிறார்கள். அழுத்தம் இல்லாததால் சீலின் பிடிப்புக் குறைவு, சின்னக் கல்லுக்கும் சொக் வேலை செய்யும், சீலும் கூடக் காலம் நிற்கும். கிரவலில் ஓடும் வண்டிக்கு நான் அதைத்தான் விரும்புவேன். ஸ்பிரிங் வரும்வரை, இருக்கும் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு அங்குலத்துக்குள் பிவிசித் துண்டு ஒன்றை வொஷரோடு வைத்துக் காற்றைக் குறைந்த எல்லையில் வைத்துக்கொள்ளலாம். அதைவிட நீளமான துண்டு வேண்டாம், சுருள் ஒன்றோடு ஒன்று முட்டும்.

திரும்பப் பூட்டும்போது பலர் அவசரப்படும் இடம் அச்சு. அச்சு நட்டை இறுக்கியபின், அடிக் கிளாம்பு நட்டுகளை இறுக்கும் முன், சில்லை நிலத்தில் வைத்துச் சொக்கை ஐந்தாறு தரம் நன்றாக அமத்தி விடுங்கள். இரண்டு காலும் தங்கள் இடத்துக்குத் தாமாகவே வரும். பிறகு முன்பக்க நட் முதலில், பின்பக்க நட் பிறகு. டிஸ்க்குக்கும் கலிப்பர்ப் பிடிக்கும் இடையில் 0.7 மில்லிமீற்றர் இடைவெளி ஃபீலர் கேஜில் கிடைக்க வேண்டும். கால்கள் கோணலாக நின்றால் குழாய் சீலின் ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருக்கும், ஒரு மழை தாண்டாது.

புதுப் பாட்டைப் போட்டு, டிஸ்க்கை பிறேக் கிளீனரால் துடைத்து, காற்றைக் குறைந்த எல்லையில் வைத்து மாங்குளம் ஏறி ஏ9இல் முறிகண்டிவரை ஒரு ஓட்டம் போய்வாருங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வண்டியும் நிற்கும் இடம், நீங்களும் நின்று குழாயைப் பாருங்கள். மெல்லிய ஈரப் பளபளப்பு இருந்தால் அது சரி, சீலுக்கு அந்த ஈரம் வேண்டும். தூசி ஒட்டி ஒரு தடித்த கறுப்பு வளையம் நின்றால், அல்லது விரலில் சொட்டாக வந்தால், வீட்டுக்கு வந்து முதலில் எக்ஸ்றேக் கீலத்தை எடுங்கள். பூட்டும்போது போன ஒரு துணிக்கையாகவும் இருக்கலாம். மூடியிலும் இணைப்புக் குழாயிலும் குமிழி இல்லாமலே காற்று இன்னும் இறங்கினால், எந்த ஓ-ரிங்கை எந்த அளவில் போட்டீர்கள் என்று எழுதுங்கள், அதிலிருந்து பார்ப்போம்.